ஆமா-லே வீட்டில் நான்கு இரவுகள்

முதல் இரண்டு நாட்கள்: லே

விமானத்திலிருந்து இறங்கி வெளியே வந்ததும் அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஏத்தா, மரமே இல்லையே, இங்க ஆடு மாடு எதைத் திங்கும்?" என்பதுதான். போடி மலையடிவாரத்தில் பிறந்து, இருபது வருடம் ஆடு வளர்த்தவர் அப்படித்தான் கேட்பார்.

எனக்கு லடாக் இது இரண்டாவது முறை. முதல் முறை ஐந்து நாள் பேக்கேஜில் வந்தேன். லே நகரில் ஹோட்டல், பாங்காங் ஏரி, நுப்ரா பள்ளத்தாக்கு, கர்துங் லா கணவாய் என்று கார் ஓடிக்கொண்டே இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் அம்மா, "அங்க சனங்க என்ன சாப்பிடுவாங்க, என்ன விதைப்பாங்க?" என்று கேட்டார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு லடாக்கி வீட்டு வாசலைக்கூட நான் மிதிக்கவில்லை. இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஒரே கிராமத்தில், ஒரே வீட்டில் நான்கு இரவு தங்குவது என்று முடிவு செய்து வந்தேன். கிராமத்தின் பெயர் ரும்பாக். ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம்.

லேயே 3,500 மீட்டர். விமானத்தில் வந்தால் முதல் இரண்டு நாளும் ஓய்வெடுத்தே ஆகவேண்டும், அதில் சமரசம் கிடையாது. அம்மாவுக்கு 57 வயது என்பதால் எனக்குக் கொஞ்சம் பயம். வருடம் தவறாமல் சதுரகிரி ஏறுகிறவர் என்பதுதான் தைரியம். படுத்துக்கொண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டும் இரண்டு நாளை ஓட்டினோம், அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம். நம் ஊர் பிரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் வேண்டும். என்னுடையது பிரீபெய்ட். அதனால் இந்தக் குறிப்புகளை அங்கே அந்தந்த இரவு நோட்டில் எழுதி, லே திரும்பியபின் நாளுக்கு ஒன்றாகப் பதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள்: ஜிங்சென் வழியாக ரும்பாக்

ஸ்பிட்டுக் என்ற ஊரைத் தாண்டி சிந்து நதிப் பாலத்தைக் கடந்து, ஒரு மணி நேரத்துக்குள் ஜிங்சென் வந்துவிட்டோம். அங்கிருந்து நடை. ஓடையை ஒட்டியே பாதை, இரண்டு பக்கமும் ஊதாவும் பச்சையும் துருவும் கலந்த பாறைச் சுவர்கள், ஓடைக்கரையில் மட்டும் வில்லோ மரங்களும் முள்புதர்களும். இளவயதுக்காரர்கள் மூன்று மணி நேரத்தில் போகிற தூரத்தை நாங்கள் நான்கரை மணி நேரத்தில் போனோம். அம்மா எனக்கு முன்னால் நடந்தார்.

ரும்பாக்கில் மொத்தமே பத்து வீடு இருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து "ஜூலே" என்றார். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் லடாக்கில் அந்த ஒரே சொல்தான். நான் ஒரு குறிப்பிட்ட வீட்டின் பெயரை யாரோ சொல்லிக் கேட்டு வைத்திருந்தேன், நல்ல வீடு, ஜன்னல் பெரிசு என்று. அவர் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கையை வேறு பக்கம் காட்டினார். இன்றைக்கு அந்த வீட்டின் முறை இல்லையாம். வருகிற விருந்தாளி எந்த வீட்டுக்குப் போவது என்பதை இங்கே விருந்தாளி தீர்மானிப்பதில்லை. வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறார்கள், அடுத்த ஆள் வந்தால் அடுத்த வீடு. நான் இதை அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி" என்றார். அதேதான். பெரிய ஜன்னல் வைத்திருப்பவரும் ஹிந்தி பேசத் தெரிந்தவரும் மட்டும் சம்பாதித்து, மற்ற வீடுகள் பார்த்துக்கொண்டிருக்கிற நிலை இங்கே வராது. இவ்வளவு சின்ன ஊரில் அப்படி வந்தால் எவ்வளவு கசப்பு மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல ஏற்பாடு.

எங்களுக்கு முறைப்படி வந்த வீடு மேட்டில் இருந்தது. கீழ்த்தளம் ஆடு மாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு, மொட்டை மாடியில் வைக்கோலும் சாண வரட்டியும் சுள்ளியும் குளிர்காலத்துக்கு அடுக்கியிருந்தது. வீட்டம்மாவுக்கு அறுபது வயது இருக்கலாம். அவரை நாங்கள் 'ஆமா-லே' என்று கூப்பிடவேண்டும் என்று அவர் மகள் சொல்லிக்கொடுத்தார். ஆமா என்றால் அம்மா, லே என்பது மரியாதை, நாம் 'ங்க' சேர்ப்பதுபோல. மகள் எனக்கு அச்சே-லே, அதாவது அக்கா. அவருக்கு ஹிந்தி நன்றாக வரும், எனக்கும் சமாளிக்கும் அளவுக்கு வரும். அம்மாவுக்கும் ஆமா-லேவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது, அந்த ஒரு சொல்லைத் தவிர.

எங்களை அறைக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் சான்சாவில் உட்கார வைத்தார்கள். சான்சா என்றால் அடுப்படி. ஆனால் நம் வீட்டு அடுப்படியை மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது. வீட்டிலேயே பெரிய அறை அதுதான். நடுவில் கறுத்து மினுங்கும் இரும்பு அடுப்பு, அதன் பக்கங்களில் மங்கலச் சின்னங்கள் பதித்த வேலைப்பாடு, பின்னால் சுவர் முழுக்க மரத் தட்டுகளில் செம்பும் பித்தளையுமாகப் பாத்திரங்கள், ஜன்னலோரமாகத் தரையில் கம்பளம், முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரமேசை. குளிர்காலத்தில் குடும்பம் முழுக்க இந்த ஓர் அறையில்தான் இருக்குமாம். அம்மா அந்தப் பாத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "புளி போட்டா வெளக்குறாங்கன்னு கேளு" என்றார். புளி இந்த மலையில் எங்கே கிடைக்கும் என்று சொல்லி நான் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

அப்புறம் தேநீர் வந்தது. உப்பும் வெண்ணெயும் போட்டு, குர்குர் என்கிற நீளமான மரக்குழாயில் கடைந்த தேநீர். அம்மா வேண்டாம் என்று கையசைத்தார். ஆமா-லே "தோன், தோன்" என்று மறுபடி நீட்டினார். அம்மா மறுபடி வேண்டாம் என்றார். ஆமா-லே இன்னும் நெருங்கி வந்து நீட்டினார். இப்படி நாலைந்து முறை. பிறகுதான் அச்சே-லே விளக்கினார்: கொடுத்த உடனே வாங்கிக்கொள்வது இங்கே மரியாதை இல்லை, விருந்தாளி சில முறை மறுக்கவேண்டும், வீட்டார் வற்புறுத்தவேண்டும், அப்புறம்தான் வாங்கவேண்டும். அதற்கு 'ஸாங்ஸ்' செய்வது என்று பெயரே இருக்கிறது. ஆக அம்மா நிஜமாகவே வேண்டாம் என்று சொன்னதெல்லாம் நல்ல வளர்ப்பு என்று கணக்காகிவிட்டது. "நம்ம ஊர்லயும் அதானே, சாப்பிடுங்கன்னதும் யாரு உட்காருவா" என்று சொல்லி அம்மா கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கிண்ணம் காலியானால் உடனே நிரம்பிவிடும். போதும் என்றால் நிரம்பிய கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்து முடிக்கவேண்டும்.

நான்காம் நாள்: பார்லி வயல்

காலையில் எழுந்ததும் நான் செய்த தவறு, குளிக்க வெந்நீர் கேட்டது. அச்சே-லே சரி என்று சொல்லிவிட்டு ஓடைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து, அடுப்பில் வரட்டி போட்டு, ஒரு பெரிய பாத்திரத்தைச் சூடாக்க முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் எரித்த வரட்டி மே மாதத்திலிருந்து மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முதுகில் சுமந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு மீதி நாளெல்லாம் முகம் கை கால் மட்டும்தான்.

கழிவறை பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மாடியில் ஒரு சின்ன அறை, மண் தரையில் ஒரு செவ்வகத் துளை, மூலையில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடவேண்டும். தண்ணீர் கிடையாது, நாற்றமும் கிடையாது. கீழே சேர்வது மக்கி, வசந்தத்தில் வயலுக்குப் போகிறது. இந்த உயரத்தில் வயலுக்கு வேறு என்ன எரு கிடைக்கும்? ஓடைத் தண்ணீரில் கலக்கிற நம் ஊர்க் கழிவுநீரை நினைத்துக்கொண்டேன். பழக ஒரு நாள் போதும். அம்மாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

செப்டம்பர் முதல் வாரம், பார்லி அறுப்பு நேரம். வருடத்துக்கு ஒரே ஒரு போகம், அதுவும் பனி உருகிவருகிற தண்ணீரை வாய்க்காலில் திருப்பி விளைவிப்பது. வீட்டில் எல்லோரும் வயலுக்குக் கிளம்ப, அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத் திக்கென்றது. இந்த உயரத்தில் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சொன்னால் கேட்கவில்லை. ஆமா-லேவிடம் கை நீட்டி அரிவாளை வாங்கி, நாலு பிடி அறுத்துக் காட்டினார். ஆமா-லே நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து அம்மாவின் கையைப் பிடித்து இன்னும் கீழே, மண்ணை ஒட்டி அழுத்தினார். தாள் வீணாகக் கூடாது, குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு அதுதான் தீவனம். "ஆமா, சரிதான்" என்றார் அம்மா. அந்த ஆமா ஒப்புக்கொண்ட ஆமாவா, கூப்பிட்ட ஆமாவா என்று எனக்குத் தெரியவில்லை, ஆமா-லே திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மதியம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாபா என்று ஒன்று கொடுத்தார்கள். வறுத்த பார்லி மாவும் பட்டாணி மாவும் கலந்து கொதிநீரில் கிண்டிய உருண்டை, தொட்டுக்கொள்ளத் தயிரில் கீரை போட்ட தங்தூர். அம்மா உருண்டையைப் பிய்த்து, குழித்து, தயிரில் தோய்த்து விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "களி." எங்கள் வீட்டில் ஆச்சி இருந்தவரை கேப்பைக் களி கிண்டினார்கள், அதற்குப் பிறகு இல்லை. பார்லியை மணலில் வறுத்து ஓடைத் தண்ணீரில் ஓடும் கல் ஆலையில் அரைக்கிறார்கள் என்று அச்சே-லே சொன்னதும், "மணல்லயா? நம்ம கடலை வறுக்கிற மாதிரியா?" என்று அம்மாவுக்கு ஒரே உற்சாகம்.

சாயங்காலம் அம்மா, களத்தில் மாடு கட்டிப் போரடிப்பது எப்படி என்று நடுவில் ஒரு குச்சியை நட்டு, சுற்றிச் சுற்றி நடந்து ஆமா-லேவுக்கு நடித்துக் காட்டினார். ஆமா-லே எழுந்து கூடவே சுற்ற ஆரம்பித்தார். இங்கேயும் அதேதான், நடுக்கம்பத்தில் ஸோவையும் கழுதையையும் வரிசையாகக் கட்டி ஓட்டுவார்கள் (ஸோ என்பது யாக்கும் பசுவும் கலந்த மாடு). தூற்றும்போது காற்று வராவிட்டால் விசில் அடித்துக் கூப்பிடுவார்களாம். ஆமா-லே விசில் அடித்துக் காட்டினார். கீழே இருக்கிற ஊர்களில் எல்லாம் மிஷின் வந்துவிட்டது என்று அச்சே-லே நடுவில் சொன்னார், அந்த இரண்டு பேர் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள்: பட்டி

எனக்குத் தலைவலி. காலை முழுக்கப் படுத்துக்கிடந்தேன். பூண்டு நிறையப் போட்டு ஒரு சூப் கொடுத்தார்கள், மதியத்துக்குமேல் பரவாயில்லை. குறையாமல் அதிகமாகியிருந்தால் உடனே கீழே இறங்கியிருப்பேன், அதில் யாரும் யோசிக்கவே கூடாது.

மதியம் ஆமா-லே எங்களை ஆட்டுப்பட்டிக்குக் கூட்டிப்போனார். கல்சுவர்ப் பட்டி, மேலே கம்பிவலை போட்டு மரச்சட்டம் அடித்திருந்தது, இறுக்கமான கதவு. பல வருடங்களுக்கு முன்னால், இந்தக் கூரை திறந்திருந்த காலத்தில், ஒரு பனிக்கால ராத்திரி பனிச்சிறுத்தை உள்ளே குதித்திருக்கிறது. அதை இங்கே 'ஷான்' என்கிறார்கள். குதித்த சிறுத்தை ஓர் ஆட்டோடு நிற்காது. ஓட இடமில்லாமல் ஆடுகள் மிரண்டு சுற்றிச் சுற்றி ஓட, அது கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். காலையில் கதவைத் திறந்தபோது பார்த்ததை ஆமா-லே சொல்லச் சொல்ல, அச்சே-லே ஹிந்தியில் சொல்ல, நான் தமிழில் சொல்வதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பட்டியில் ஒருமுறை செந்நாய் புகுந்த கதை எனக்கும் தெரியும், ஆனால் அம்மா அதை அழாமல் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஆமா-லேவின் கையைப் பிடித்துக்கொண்டு, போடித் தமிழில், முழுவதும் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. என்னால் முடியவும் இல்லை.

அந்தக் காலத்தில் இப்படி நடந்தால் ஊர்க்காரர்கள் ஷானைக் கொன்றுவிடுவார்கள். ஒரு வருடத்துச் சேமிப்பு ஒரே ராத்திரியில் போனால் வேறு என்ன செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இதை மாற்றியதில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கும், அதை லடாக்கில் கட்டியெழுப்பிய ரிஞ்சன் வாங்சுக் என்பவருக்கும் பெரிய பங்கு உண்டு. பட்டிகளுக்கு வலைக்கூரை போட உதவினார்கள். அதோடு, இந்தச் சிறுத்தையைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து வருகிறார்களே, அவர்களை உங்கள் வீட்டிலேயே தங்க வைத்து அந்தப் பணம் உங்களுக்கே வரட்டும் என்று 2000-களின் தொடக்கத்தில் இந்த வீட்டுத் தங்கல்களை ஆரம்பித்தார்கள். வாங்சுக் 2011-இல் இறந்துவிட்டார். 2024-இல் வெளியான கணக்கெடுப்பில் இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள், அதில் 477 லடாக்கில். குளிர்காலம் வந்தால் ரும்பாக்கின் வீடுகளில் தொலைநோக்கியோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். "இப்போ ஷான் எங்களுக்குச் சோறு போடுது" என்று அச்சே-லே சொன்னார். ஆமா-லே அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பட்டிக் கதவின் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

ஆறாம் நாள்: யுருட்சே, அப்புறம் ஒரு போட்டோ

காலையில் யுருட்சே வரை போய் வந்தோம். ஒரே ஒரு வீடு இருக்கிற ஊர் அது. வழியில் சரிவில் நீல ஆடுகள், இங்கே 'நாபோ', ஒரு பதினைந்து இருக்கும், பாறை நிறத்திலேயே இருந்ததால் நகர்ந்தபோதுதான் தெரிந்தன. ஷான் தென்படவில்லை, இந்தப் பருவத்தில் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

ராத்திரி ஸ்கியூ சமைத்தார்கள். கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்திக் குழித்த சின்னச் சின்னத் துண்டுகள், டர்னிப், கேரட், உருளைக்கிழங்கோடு வெந்த கூழ் மாதிரி. மாவை அழுத்தும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். மூன்று நாளில் அந்த அடுப்படியில் அவருக்கு ஓர் இடம் வந்துவிட்டது, அடுப்புக்கு இடதுபக்கம், விறகுப் பெட்டியை ஒட்டி. யாரும் கொடுத்த இடம் இல்லை, உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. ஹோட்டல் அறையில் எத்தனை நாள் இருந்தாலும் அப்படி ஒன்று வராது என்பதை அன்றைக்கு நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஆமா-லே ஒரு துணிப் பையிலிருந்து போட்டோ ஒன்றை எடுத்துவந்தார். சிவப்புத் துறவி உடையில் பதினெட்டு வயசுப் பையன், பின்னால் தென்னைமரம். கடைசி மகன். பத்து வயதில் மடத்துக்குப் போனவன், இப்போது கர்நாடகத்தில் பைலகுப்பேயில் படிக்கிறான். திபெத்திய மடங்கள் அங்கே பெரிய அளவில் இருக்கின்றன, லடாக்கிலிருந்தும் நிறையப் பிள்ளைகள் போகிறார்கள். நான்கு வருடமாக அவன் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கமா என்று கேட்டார். மைசூருக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம் என்றேன். அங்கே ரொம்ப வெயிலா, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா, வெண்ணெய் கிடைக்குமா என்று வரிசையாகக் கேள்விகள். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா, "நாங்க போய்ப் பாக்குறோம்னு சொல்லு" என்றார். நான் தயங்கினேன். "சொல்லுத்தா" என்றார். சொன்னேன்.

ஏழாம் நாள்: கிளம்புதல்

பணம் கொடுக்கிற நேரம். ஊர் முழுக்க ஒரே கட்டணம், நாங்கள் போனபோது மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், ஆக 12,000. அம்மாவுக்கு இதில் பெரிய சங்கடம். சோறு போட்ட வீட்டில் எப்படிப் பணத்தை எண்ணிக் கொடுப்பது, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தாலாவது பரவாயில்லை என்று ராத்திரியே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஆமா-லேவிடம் ஒரு சங்கடமும் இல்லை. இரண்டு கையாலும் வாங்கினார், நிதானமாக எண்ணினார், அச்சே-லே ஒரு நோட்டில் எழுதினார், ஊர்ப் பொதுநிதிக்கான பங்கைத் தனியாக எடுத்து வைத்தார்கள். பார்லி விற்ற காசை வாங்குவது மாதிரிதான், உழைத்த காசு. அதைப் பார்த்தபிறகு அம்மாவும் சரியாகிவிட்டார். போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசாதீர்கள், நீங்கள் கொண்டுபோகிற பிளாஸ்டிக்கை லேக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள், மேகி கேட்காதீர்கள்.

அம்மா பையிலிருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எல்லாவற்றையும் கொடுத்தார். ஆமா-லே எங்களுக்கு வறுத்த பார்லி மாவு ஒரு பை கொடுத்தார். அப்புறம் இன்னொரு பொட்டலம், துணியில் சுற்றி நூலால் தைத்தது. உள்ளே சுர்பே, வெயிலில் கல்லாகக் காயவைத்த பாலாடைக்கட்டி, மகனுக்கு. மேலே லடாக்கி எழுத்தில் அவன் பெயர். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

லே விமான நிலையத்தில் பெட்டிகளைப் போடும்போது அந்தப் பொட்டலத்தையும் உள்ளே வைக்கலாம் என்றேன். அம்மா கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் வரை பிடித்திருந்தார். டெல்லியில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது கேட்டார், மைசூரிலிருந்து பைலகுப்பேக்கு பஸ் எத்தனை மணிக்கெல்லாம் இருக்கும் என்று.